டீக்கடை பாய்லரில் ஆரம்பியுங்கள்: கொடைக்கானலில் தினமும் வரைய ஒரு முழு வழிகாட்டி

கொடைக்கானலில் ஸ்கெட்ச் நோட்டோடு உட்காரும் எல்லோரும் முதலில் ஏரியைத்தான் வரைவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஏரி, படகு, சுற்றிலும் மரங்கள், எல்லாம் அழகுதான். ஆனால் முதல் மாதத்தில் நான் வரைந்தது மூன்றே படம். ஏரிக்குப் போக நேரம் ஒதுக்க வேண்டும், மழை இருக்கக் கூடாது, கூட்டம் இருக்கக் கூடாது, போய்ச் சேர்ந்த பிறகு வரைகிற மனநிலையும் இருக்க வேண்டும். இத்தனையும் ஒரே நாளில் கூடி வருவது சீசனில் மட்டுமல்ல, எப்போதுமே அபூர்வம். மூஞ்சிக்கல்லில் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது எதிரே இருந்த டீக்கடை பாய்லரை வரைய ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இது தினசரி வேலையாக ஆனது. இப்போது நான்காவது வருடம் போகிறது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே நம்பிக்கையில் எழுதியது. அழகான இடத்தைத் தேடிப் போய் வரைவதை வாரத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வரைவதற்கு, நீங்கள் ஏற்கெனவே போய் நிற்கிற இடம்தான் வேண்டும்.

முதல் வேலை: மூன்று இடங்கள்

நோட்டு வாங்குவதற்கு முன்னால் இடத்தை முடிவு செய்யுங்கள். ஒரு வாரம் நீங்கள் போகிற வருகிற வழியை மட்டும் கவனியுங்கள். எங்கே காத்திருக்கிறீர்கள்? பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காகவா, நாயுடுபுரம் நிறுத்தத்தில் பஸ்ஸுக்காகவா, ரேஷன் கடை வரிசையிலா, மருந்துக்கடை பெஞ்சிலா? காத்திருக்கும் நேரம் ஏற்கெனவே உங்கள் கணக்கில் இருக்கிற நேரம், புதிதாக ஒதுக்க வேண்டியதில்லை. அதில் மூன்றைத் தேர்ந்தெடுங்கள். சாய்ந்து நிற்கவோ உட்காரவோ ஒரு இடம், யாருக்கும் வழி மறிக்காத மூலை, தலைக்கு மேல் கூரை, இந்த மூன்றும் இருக்க வேண்டும். சமவெளியில் கூரை இல்லாமல் சமாளிக்கலாம். இங்கே எந்த நேரத்தில் தூறும் என்று சொல்ல முடியாது.

என்னுடைய மூன்று: மூஞ்சிக்கல் டீக்கடை, பஸ் ஸ்டாண்டில் ஒரு படிக்கட்டு, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மூட்டைகள் அடுக்கியிருக்கும் ஓரம். மூன்றிலும் மலைக்காட்சி என்று எதுவும் தெரியாது. அது ஒரு வசதி. காட்சி இருந்தால் கண் தூரத்துக்கு ஓடிவிடும், பக்கத்தில் இருக்கிற வாளியையும் கேரட் மூட்டையையும் பார்க்கவே பார்க்காது.

இடத்திலேயே உட்கார்ந்து வரைவது வெளியூரிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனந்த விகடனில் வரைந்த சில்பி, கோயில் கோயிலாகப் போய் சிற்பத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து வரைந்தவர். அவருக்குக் கோயில் தூண் என்றால் நமக்கு டீக்கடை. இரண்டுக்கும் வேண்டிய பொறுமை ஒன்றுதான்.

நேரத்தை எதிலாவது கட்டிவிடுங்கள்

"காலையில் வரைவேன்" என்று சொல்லிக்கொண்டால் நடக்காது. "டீ சொன்னதும் நோட்டைத் திறப்பேன், கிளாஸ் காலியானதும் மூடுவேன்" என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் போதும். அரை மணி நேரம் கிடைக்கிற நாளிலும் முதல் இரண்டு மாதம் பத்து நிமிடத்திலேயே நிறுத்திவிடுங்கள் என்று நான் சொல்வேன், இன்னும் கொஞ்சம் வரைந்திருக்கலாமே என்ற ஆசை மிச்சம் இருந்தால்தான் மறுநாள் கை தானாக நோட்டுக்குப் போகும்.

எந்த நேரம் என்று கேட்டால், மலையில் காலைதான் நம்பகமானது. பல நாட்களில் ஏழு மணி முதல் ஒன்பது, பத்து வரை வெளிச்சம் தெளிவாக இருக்கும், நிழல் நீளமாக விழும், அப்புறம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்துவிடும். மதியத்துக்கு மேல்தான் நேரம் என்றால் அதுவும் சரி. பனியை வரையக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

என்ன வாங்குவது

பத்து ரூபாய் பால்பாயின்ட் பேனா ஒன்று, 2பி பென்சில் ஒன்று, ஏ5 அளவில் கெட்டி அட்டை போட்ட நோட்டு ஒன்று. இவ்வளவு போதும். தாளின் கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவில் சொல்வார்கள், 100 ஜி.எஸ்.எம். இருந்தால் பேனாவுக்குப் போதுமானது. பின்னால் வாட்டர்கலர் சேர்க்க நினைத்தால் 200க்கு மேல் வேண்டும், நிறையத் தண்ணீர் விட்டு வரைவீர்கள் என்றால் 300. அட்டை மெலிதாக இருந்தால் பின்னால் பிள்ளைகளின் பரீட்சை அட்டையை வைத்துக் கிளிப்பைப் போடுங்கள். நல்ல நோட்டாக வாங்கினால் நன்றாக வரும் என்று ஆரம்பத்திலேயே விலை கூடியதாக வாங்காதீர்கள். நான் ஒருமுறை அப்படி வாங்கினேன். அந்த நோட்டில் பாய்லரை வரைவதற்குத் தாள் வீணாகிவிடுமோ என்று தோன்றி, ஆறு மாதம் அதைத் தொடவே இல்லை.

பால்பாயின்டை ஏன் முதலில் சொன்னேன் என்றால், அதன் மை எண்ணெய் கலந்தது, தூறல் பட்டால் ஓடாது. சாதாரண ஜெல் பேனாவும் மைப்பேனாவும் ஒரு சொட்டு விழுந்தாலே கலங்கிவிடும். இன்னொரு காரணமும் உண்டு: அழுத்தம் குறைத்துத் தேய்த்தால் பால்பாயின்ட் சாம்பல் நிறத்தில் மெல்லிசாகப் பதியும், அழுத்தினால் அடர்த்தியாகும். மூடுபனியை வரைய இந்தக் குணம்தான் வேண்டும்.

மைப்பேனா பிடித்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும்போது காற்றழுத்தம் குறைந்துகொண்டே வரும். 2,100 மீட்டருக்கு வந்து சேரும்போது அடிவாரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். பாதி மை இருக்கிற பேனாவுக்குள் மீதி இடத்தில் காற்று இருக்குமில்லையா, அது விரிந்து மையை வெளியே தள்ளும். மதுரை போய்த் திரும்பும் வழியில் எனக்கு ஒரு சட்டையும் பன்னிரண்டு பக்கமும் இப்படிப் போயின. பேனாவை முழுக்க நிரப்பி, நிப் மேலே பார்க்கும்படி வைத்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் காலி செய்துவிட்டு வாருங்கள்.

ஈரத்துக்கு: நோட்டை ஜிப் கவரில் வைத்து, புது ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூடப் போடுங்கள். ஈரம் இழுத்த தாளில் பென்சில் கோடு போடாது, பள்ளம்தான் போடும். குளிருக்கு: பழைய உல்லன் கையுறையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றின் நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம்

முதல் மூன்று நாள் ஒரே பொருள். எனக்குப் பாய்லர். உங்களுக்கு மருந்துக்கடைத் தராசோ, பஸ் ஸ்டாண்டில் கட்டி வைத்திருக்கும் பால் கேனோ எதுவாகவும் இருக்கலாம், நகராமல் இருந்தால் சரி. நான்காம் நாளிலிருந்து அதற்குப் பக்கத்தில் இருப்பதைச் சேருங்கள்: தொங்கும் டீ வடிகட்டித் துணி, கவிழ்த்து வைத்த கிளாஸ்கள், பிஸ்கட் பாட்டில். இரண்டாம் வாரம் பெஞ்சும், அதில் திரும்பி உட்கார்ந்திருக்கும் ஒருவரின் முதுகும். முதுகு வரைவது சுலபம், ஸ்வெட்டரும் குல்லாவும்தான் தெரியும், அவருக்கும் யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்ற சங்கடம் இருக்காது.

பத்து நிமிடத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஒரு நிமிடம் வரையாதீர்கள், பாருங்கள். எது பெரியது, எது மிகவும் கறுப்பு என்று மட்டும். அடுத்த இரண்டு நிமிடம் பெரிய வடிவங்களை மெல்லிய கோட்டில் வையுங்கள், பாய்லரை ஒரு உருளையாக, மேசையை ஒரு பெட்டியாக. உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட, கையை முழுக்க நீட்டிப் பென்சிலால் அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் ஒரே ஒரு இடத்தில் விவரம் போடுங்கள், குழாயோ மூடியோ. கடைசி இரண்டு நிமிடம் மிகவும் இருட்டான இடங்களை மட்டும் அடர்த்தியாக்குங்கள். ஓரத்தில் தேதி, மணி, வானிலை. ரப்பர் வேண்டாம். தப்பான கோடு இருந்தால் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள், இரண்டும் இருக்கட்டும்.

பாய்லரை நான் இருபது முறைக்கு மேல் வரைந்த பிறகு ஒருநாள் டீ மாஸ்டர் கல்லாவைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"தம்பி, குழாயை நேரா போட்டிருக்கீங்களே. அது இடப்பக்கம் சாஞ்சிருக்கும். போன ஆடியில ரிப்பேருக்குப் பத்த வச்சப்ப கோணிக்கிச்சு."

நிமிர்ந்து பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. பாய்லர் குழாய் என்றால் நேராக இருக்கும் என்று என் கை முன்பே முடிவு செய்துவிட்டதால், இருபது நாளும் கண் அதைப் பார்க்கவே இல்லை. தினமும் வரைவதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் குழாயைத்தான் சொல்வேன்.

சாய்வு: மலை ஊரில் வரைபவருக்கு மட்டும்

சமவெளியில் நன்றாக வரைகிறவர்கள்கூட இங்கே வந்து தெருவை வரைந்தால் ஏதோ இடிக்கும். ஆனந்தகிரி ஏற்றத்தை வரைந்திருப்பார்கள், படத்தில் ரோடு தட்டையாகக் கிடக்கும், அல்லது வீடுகள் எல்லாம் பின்பக்கம் சரிவது போலத் தெரியும். காரணம் ஒன்றுதான், அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் கண்மட்டத்தைக் கண்டுபிடியுங்கள். நோட்டைக் கிடையாகப் பிடித்துக் கண்ணுக்கு நேரே தூக்குங்கள். மேல் அட்டையும் தெரியக் கூடாது, கீழ் அட்டையும் தெரியக் கூடாது, விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிய வேண்டும். அந்தக் கோடு எதிர்வீட்டில் எங்கே படுகிறதோ அதுதான் உங்கள் கண்மட்டம். ஏற்றத்தைப் பார்த்து நின்றால் அது தூரத்து வீட்டின் அஸ்திவாரத்துக்கும் கீழே, ரோட்டுக்குள்ளேயே போய்விடும். இதை முதன்முறை பார்க்கும்போது நம்ப முடியாது.

சமதளத்தில் ரோட்டின் இரண்டு ஓரமும் தூரத்தில் இந்தக் கண்மட்டத்தில் போய்ச் சேரும். ஏறும் ரோட்டில் அப்படியில்லை, கண்மட்டத்துக்கு மேலே உள்ள ஒரு புள்ளியை நோக்கிப் போகும். இறங்கும் ரோட்டில் அந்தப் புள்ளி கண்மட்டத்துக்குக் கீழே. ஆனால் வீடுகள் சாய்வாகக் கட்டப்படுவதில்லை. ரோடு எப்படிச் சாய்ந்தாலும் ஜன்னலின் மேல்கோடு, வாசல்படி, தகரக் கூரையின் விளிம்பு எல்லாம் ரசமட்டம் வைத்துக் கட்டியவை, ஆகவே அவை கண்மட்டத்திலேயே சேரும். ஒரே தெருவில் ரோட்டுக்கு ஒரு புள்ளி, வீடுகளுக்கு இன்னொரு புள்ளி. இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் இடிக்கிறது.

அதைவிட எளிய வழியும் இருக்கிறது. மட்டமான வீட்டுக்கும் சாய்ந்த ரோட்டுக்கும் இடையில் ஒரு முக்கோணம் மிஞ்சும். பெரும்பாலும் கருங்கல் சுவராகவோ, ஒரு பக்கம் இரண்டு படியும் மறுபக்கம் ஐந்து படியும் உள்ள வாசலாகவோ இருக்கும். அந்த முக்கோணத்தைச் சரியாக வரைந்துவிடுங்கள், ரோடு தானாக ஏறும். இறக்கத்தைப் பார்த்து வரையும்போது கீழ்வீட்டுக் கூரைகளின் மேல்பக்கம் முழுதாகத் தெரியும். தகரத்தின் நெளிவுகளை எல்லாம் போடாதீர்கள், விளிம்பில் நாலைந்து நெளிவும் துரு பிடித்த ஒரு திட்டும் போதும்.

பூம்பாறை போகும் வழியில் படிப்படியாக இறங்கும் வயல்களை வரைவதற்கும் இதே கணக்குதான். ஒவ்வொரு படியின் விளிம்பும் மட்டம், மொத்தச் சரிவு மட்டும் சாய்வு. ஒரு விடுமுறை நாளில் பஸ் ஏறிப் போய், குழந்தை வேலப்பர் கோயிலும் ஊரும் தெரிகிற மாதிரி ரோட்டோரத்தில் நின்று பாருங்கள். அங்கே பத்து நிமிடம் போதாது.

மூடுபனி வந்தால் நோட்டை மூடாதீர்கள்

பனி வந்ததும் "ஒன்றுமே தெரியவில்லை" என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நமக்கு வாய்த்த பெரிய வாத்தியார் அது. எதை விட வேண்டும், எதை வைக்க வேண்டும் என்பதை அதுவே செய்து காட்டிவிடுகிறது.

மூன்றே அடர்த்தி. பக்கத்தில் இருப்பது, ஒரு கம்பமோ கடைப் பலகையோ, முழுக் கறுப்பு. நடுவில் இருப்பது அதில் பாதி, விவரம் இல்லாமல் உருவம் மட்டும். தூரத்து யூகலிப்டஸ் வரிசை, தாளில் பேனா பட்டும் படாமலும் ஒரே இழுப்பு. அதற்கும் பின்னால் வெறும் தாள்தான். பனி ஏறி வருகிறது என்று தெரிந்தால் தூரத்தில் இருப்பதை முதலில் போடுங்கள், அதுதான் முதலில் மறையும். டீக்கடைக் கம்பம் கடைசி வரை நிற்கும்.

மழைக் காலத்துக்கு, குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும், பஸ்ஸின் உட்புறத்தை ஒரு நாலாவது இடமாக வைத்துக்கொள்ளுங்கள். முன்சீட்டுக் கம்பி, சால்வை போர்த்திய தோள்கள், நீராவி படிந்த கண்ணாடி. ஓடும் பஸ்ஸில் வேண்டாம், வளைவில் கோடு எங்கோ போய்விடும். புறப்படக் காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும்.

ஆட்கள்

பஸ் வரிசையில் நிற்பவர் எந்த நொடியும் நகர்வார். தலையையும் தோளையும் ஒரே கோட்டில் பிடியுங்கள், எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பாருங்கள், அந்தக் காலை முதலில் இறக்குங்கள். அவர் போய்விட்டால் அடுத்து வருபவரும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் நிற்பார், அவருடைய கையை இவருடைய உடம்போடு சேர்த்துவிடலாம். சந்தையில் வேலை செய்பவர்களை வரைவது இதைவிட எளிது: எடை போடுகிற அக்கா அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதே அசைவுக்குத் திரும்பி வருவார்.

முகம் தெரிகிற மாதிரி வரைவதென்றால் கேட்டுவிடுங்கள். "அக்கா, நீங்க பூண்டு கட்டுறதை வரையட்டுமா?" என்றால் பெரும்பாலும் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். வேண்டாம் என்றால் அவர் பக்கத்தில் இருக்கிற பூண்டுக் கட்டை வரையுங்கள். வியாபாரம் நடக்கும் நேரத்தில் கடைக்கு முன்னால் நிற்கக் கூடாது. வரைந்ததைக் கேட்டால் காட்ட வேண்டும், மறைக்கக் கூடாது. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டால் ஒரு தாளைக் கிழித்து பென்சிலோடு கொடுத்துவிடுங்கள், அவர்கள் வரைவதைப் பார்த்து நானே இரண்டு மூன்று விஷயம் கற்றிருக்கிறேன்.

மனிதர் அல்லாதவர்களிடமும் ஜாக்கிரதை வேண்டும். சாயங்காலம் ஊருக்குள் வரும் காட்டு மாடு சாதுவாக மேய்வது போலத்தான் இருக்கும். பக்கத்தில் போய் உட்காராதீர்கள், கடைக்குள்ளிருந்தோ ஜன்னலிலிருந்தோ வரையுங்கள். காலில் வெள்ளை சாக்ஸ் போட்டது போன்ற நிறமும், கழுத்துக்குப் பின்னால் எழும் திமிலும் தூரத்திலிருந்தே நன்றாகத் தெரியும். குரங்கு இருக்கிற இடத்தில் பையைத் திறந்து வைக்காதீர்கள்.

விட்டுப்போன நாட்கள்

விடும். காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், சீசனில் கடையை விட்டு நகர முடியாமல் போகும். அப்போது நேற்றையதையும் சேர்த்து இரண்டாக வரைகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், மூன்றாம் நாள் கடன் நாலாகிவிடும். நம் ஊர் சூரிய ஆய்வகத்தைப் பாருங்கள். 1899இல் நிறுவப்பட்டது, 1904 முதல் அங்கே சூரியனின் கரும்புள்ளிகளையும் மற்ற அடையாளங்களையும் நாள்வாரியாக, வட்டம் போட்ட தாளில், வண்ண வண்ணமாகக் கையால் குறித்து வைத்திருக்கிறார்கள், நூறு வருடத்துக்கும் மேலாக. மேகம் மூடிய நாளில் சூரியனைப் பார்க்க முடியாது, அடுத்த தெளிவான நாளில் அந்தத் தேதி போட்டுத் தொடர வேண்டியதுதான். நானும் அப்படியே செய்கிறேன். விட்ட நாளுக்குப் பக்கம் இல்லை, வரைந்த நாளுக்குத் தேதி உண்டு.

ஒரு வாரத்துக்கு மேல் விட்டுவிட்டால் புதிதாக எதையும் தேடாமல் முதல் நாள் வரைந்த பொருளுக்கே போங்கள். எனக்கு அது பாய்லர். கை அங்கே சீக்கிரம் சூடாகிவிடும்.

மூன்று மாதம் தாண்டிய பிறகு

இப்போது வாட்டர்கலர் சேர்க்கலாம். மூன்று வண்ணம் போதும்: ஒரு நீலம், ஒரு காவி, ஒரு மஞ்சள். பனி நாளில் வண்ணம் காயவே காயாது. ஒரு பூச்சோடு நிறுத்திவிட்டு, நோட்டைத் திறந்தபடியே டீக்கடை அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். ஜனவரி மதியத்தில் நேர்மாறு, தொட்டதும் காய்ந்துவிடும்.

கூடவே ஒரு "வருடப் பக்கம்" வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு ஒருமுறை அதே இடம், அதே வாரம். எனக்கு அது 2018இல் குறிஞ்சி பூத்த ஒரு சரிவு. பன்னிரண்டு வருடக் கணக்கில் அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அதுவரை அங்கே வரைய இருப்பது வெறும் பச்சைப் புதர்தான், அதையும் தேதி போட்டு வரைகிறேன்.

நோட்டு முடிந்ததும்

முதுகில் ஆரம்பத் தேதியும் முடிந்த தேதியும் எழுதுங்கள். பென்சில் பக்கங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வையுங்கள், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கத்தில் கரி படியும். சுவரோடு ஒட்டிய அலமாரியில் அடுக்காதீர்கள், மழைக் காலத்தில் கருங்கல் சுவர் வியர்க்கும், பூஞ்சை முதலில் பைண்டிங் பசையில்தான் பிடிக்கும். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிற்க வையுங்கள். தை மாதம் காற்று காய்ந்திருக்கும்போது ஒருநாள் எல்லா நோட்டையும் எடுத்துத் திண்ணையில் விரித்து ஆற விடுங்கள், ஆனால் நிழலில். பால்பாயின்ட் மை நேர் வெயிலில் வெளுத்துவிடும்.